இரண்டாம் பக்கத்துச் சீழ்க்கை

சயரோக விடுதி, ஆண்கள் வார்டு
9 பிப்ரவரி 1958

அன்புள்ள அக்கா,

பெட்டி வந்து சேர்ந்தது. ரயிலில் இத்தனை தூரம் உருண்டும் இசைத்தட்டு ஒன்றுகூட உடையவில்லை. சுற்றியிருந்த வேட்டி அத்தானுடையது என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. தேடினால், சேது கொண்டுபோய்விட்டான் என்று சொல்லிவிடு. மச்சினன் மேல் ஒரு குற்றம் கூடினால் குறைந்தா போய்விடும்?

நெஞ்சைப் பற்றிக் கேட்டிருந்தாய். இருமல் குறைந்திருக்கிறது. ரத்தம் இப்போது வருவதில்லை. வாரத்தில் மூன்று நாள் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி, அது போக தினமும் கை நிறைய மாத்திரை. முழுசாக ஒரு வருடம் ஆகும் என்கிறார் டாக்டர். ஆகட்டும். அதற்குப் பிறகு நேராகப் பெண்டஹாரா ரோட்டில் நம் ரேடியோக் கடைக்கு வந்து என் மேசையில் உட்காருவேன். அதுவரை வேறு யாரையும் அதில் உட்கார வைக்க வேண்டாம் என்று அத்தானிடம் சொல். ரேடியோ ரிப்பேருக்கு மீட்டர் வேண்டும், ஈயம் வேண்டும் என்பார்கள். எனக்கு வேண்டியது காது. ரேடியோப் பெட்டி முனகுவதைக் கேட்டாலே எந்த வால்வு என்று தெரிந்துவிடும். நுரையீரலில் ஓட்டை விழுந்தாலும் பிழைத்துக்கொள்வேன், காதை மட்டும் சாமி விட்டு வைத்தால் போதும் என்று இங்கே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சிங்கப்பூர் மொத்த வியாபாரி எங்கும் விலைபோகாதது என்று அத்தான் தலையில் கட்டினானே, அந்தக் கிறுக்குத் தட்டுகளில் நீ அனுப்பிய மூன்றையும் கேட்க ஆரம்பித்துவிட்டேன். வார்டில் சத்தமாகப் போட்டால் அடித்தே கொன்றுவிடுவார்கள். பட்டாளத்துக்காரர் ஒருவர் கொடுத்த ஹெட்போனை ரெக்கார்டு பிளேயரில் இணைத்துக்கொண்டேன். தேநீருக்குப் பிறகு ஒரு மணி நேரம் எனக்கு மட்டும் கேட்கிற கச்சேரி.

வழக்கம்போல் வாங்க வருகிறவர்களுக்குச் சிபாரிசுச் சீட்டு எழுதியிருக்கிறேன். கடையில் இருக்கிற தட்டின் உறையில் ஒட்டு. பெயர் யார் வாயிலும் நுழையாது, அதனால் நானே வைத்துவிட்டேன்.

‘தகரக் கொட்டகை. இது பாட்டு இல்லை. கதவு, ரயில், சட்டி, இருமல் எல்லாவற்றையும் டேப்பில் பிடித்து, டேப்பைக் கத்தரித்து ஒட்டியிருக்கிறார் ஒரு பிரெஞ்சுக்காரர். முதல் தடவை கோபம் வரும். வந்தால் சரியாகக் கேட்கிறீர்கள் என்று அர்த்தம். இரண்டாம் தடவை சமையல்கட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். எது தட்டில் வருகிறது, எது உங்கள் வீட்டில் வருகிறது என்று தெரியாமல் போகும். ருசி அங்கேதான் இருக்கிறது.’

சேது

காஜா பெராங், மலாக்கா
2 மார்ச் 1958

தம்பி சேதுவுக்கு அக்கா சாரதாம்பாள் எழுதிக்கொண்டது.

துக்காங் எமாஸ் தெருக் கோயிலில் உன் பேருக்குத் தேங்காய் உடைத்தேன். நன்றாகவே உடைந்தது. நீ இருமலைப் பற்றி எழுதியதைவிடத் தட்டைப் பற்றி எழுதியதுதான் அதிகம், அதிலிருந்தே உடம்பு தேறுகிறது என்று தெரிந்துகொண்டேன்.

உன் சீட்டை ஒட்டிய அன்றே நல்லையா வாத்தியார் வந்து தட்டை வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் வந்து, கோபம் வந்தது சாரதா, ரொம்ப நன்றாக வந்தது என்றார். வீட்டில் அவர் மனைவிக்கும் வந்ததாம், அது வேறு விதம். கஸ்டம்ஸில் வேலை பார்க்கிற தியாகுவும் ஒன்று வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை கடை சாத்திய பிறகு நாலைந்து பேர் உட்கார்ந்து கேட்கிறோம். நம் தெருக்கோடிச் செட்டிக் கம்பத்தில் குடியிருக்கிற பிச்சை பிள்ளையும் வருகிறார். தலைமுறை தலைமுறையாக மலாய் பேசுகிற வீடு, அவருக்குத் தமிழ் நாலு வார்த்தைதான், சீட்டை நான் மலாயில் சொல்ல வேண்டியிருக்கிறது. எல்லாம் சொல்லி முடித்ததும் சிரித்துவிட்டு, போடு என்று கையைக் காட்டுவார்.

உன் அத்தானுக்கு இதெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு. கணக்குப் பிள்ளை மாதிரி மூலையில் உட்கார்ந்து கொட்டாவி விடுகிறார். ஆனால் தட்டு விற்றதும் எழுந்து வந்து, உன் தம்பி இன்னும் எழுதி அனுப்பட்டும் என்றார். கடைக்கு வருகிறவர்கள் என்னை நம்பி வாங்கவில்லை, சேதுவின் காதை நம்பித்தான் வாங்குகிறார்கள். அது எனக்குப் பெருமைதான். கொஞ்சம் எரிச்சலும்தான்.

மேசையைப் பற்றிக் கவலைப்படாதே. துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

சாரதா

ஆண்கள் வார்டு
30 மார்ச் 1958

அக்கா,

இந்த முறை ஒரு அதிசயம். அந்த நீல உறைத் தட்டை எடுத்து வைத்துக்கொள், படமே இல்லாதது. முதல் நாள் கேட்டபோது சவச்சவ என்றுதான் இருந்தது. பிறகு பல நாள் திரும்பத் திரும்பக் கேட்டேன். இப்போது வேறு எதையும் கேட்கப் பிடிக்கவில்லை. சீட்டு இது.

‘மின்சாரக் குளம். வாத்தியமே கிடையாது. டச்சுக்காரர் ஒருவர் மின்சாரத்தை மட்டும் வைத்துச் சோதனை அறையில் செய்த சத்தம். முதல் பக்கம் குமிழி குமிழியாக வரும், வெறுமனே கேட்டுக்கொண்டிருங்கள். இரண்டாம் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் மேலே மெல்லிய சீழ்க்கை ஒன்று ஆரம்பம் முதல் கடைசிவரை ஓடுகிறது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அதைப் பிடித்துக்கொண்டால் முழுத் தட்டும் பிடிபடும். அது காதில் விழாதவர்கள் இதற்குப் பணம் செலவழிக்க வேண்டாம்.’

ஒரு உதவி செய். நம் ஆட்கள் எல்லோருக்கும் அந்தச் சீழ்க்கை கேட்கிறதா என்று விசாரித்து எழுது. இங்கே தலைக்கு மேல் மின்விசிறி, வெளியே ஜெனரேட்டர், எதை நம்புவது என்று சில சமயம் தெரியவில்லை. முதல் நாள் எனக்கே கேட்காமல் போயிற்று என்பதுதான் உறுத்துகிறது. இவ்வளவு தெளிவான சத்தத்தை நான் எப்படித் தவறவிட்டேன்? நீயும் கேட்டுப் பார்த்து எழுது. உன் காதும் லேசுப்பட்டதில்லை, நம் அப்பாவின் காது.

சேது

காஜா பெராங்
20 ஏப்ரல் 1958

தம்பி சேதுவுக்கு,

உன் மின்சாரக் குளம் ஒரு தட்டுகூட மிச்சமில்லை. கடையில் இருந்ததெல்லாம் விற்று, அத்தான் சிங்கப்பூருக்குத் தந்தி அடித்திருக்கிறார். நீ எழுதிய கடைசி வரிதான் வேலை செய்தது. காதில் விழாதவர்கள் வாங்க வேண்டாம் என்றால், எனக்கு விழவில்லை என்று எவன் சொல்வான்?

விசாரிக்கச் சொன்னாய். விசாரித்தேன். நல்லையா வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டு விரலை மேலே நீட்டி, அதோ, அதோ என்றார். அது சீழ்க்கை இல்லையாம், தட்டின் உயிராம். பள்ளிக்கூடத்தில் மற்ற வாத்தியார்களையும் கூட்டி வைத்துக் கேட்க வைத்தாராம், இரண்டு பேருக்குத்தான் விழுந்ததாம், மற்றவர்களுக்கு இன்னும் பக்குவம் போதாது என்கிறார். தியாகுவுக்கு இடது காதில் கூடுதலாகக் கேட்கிறதாம். பிச்சை பிள்ளை மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. தட்டை வீட்டுக்கு எடுத்துப்போய் நிதானமாகக் கேட்கிறேன் என்று வாங்கிப் போயிருக்கிறார்.

எனக்கும் கேட்டது. இரண்டாம் பக்கம் பாதிக்கு மேல் நன்றாகவே கேட்டது. உனக்கு மட்டும்தான் காது இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளாதே. மின்விசிறியும் இல்லை, ஜெனரேட்டரும் இல்லை, நீ நிம்மதியாக இரு.

எடை கூடியிருக்கிறதா? அதை எழுத மறந்துவிட்டாய்.

சாரதா

ஆண்கள் வார்டு
11 மே 1958

அக்கா,

உன் கடிதம் சரியான நேரத்தில் வந்தது. எவ்வளவு சரியான நேரம் என்று கேள்.

இங்கே பூங்காவனம் என்று ஒரு மிஸ்ஸி இருக்கிறாள். ஊசி போடுகிற நர்ஸ். வாரா வாரம் எல்லோரிடமும் ஒரே கேள்வி கேட்பாள். போன வாரம் என் கட்டிலுக்கு வந்து, “காதுல இரைச்சல், விசில் மாதிரி ஏதாச்சும் கேக்குதா தம்பி? மறைக்காம சொல்லு. சில பேருக்கு இந்த ஊசி காதுல போய் உட்காந்துரும்” என்றாள். சொல்ல வாயெடுத்துவிட்டேன். உன் கடிதம் சட்டைப் பையில் இருந்தது. வாத்தியாருக்குக் கேட்கிறது, தியாகுவுக்குக் கேட்கிறது, உனக்கும் கேட்கிறது. மலாக்காவில் எல்லோருக்குமா ஸ்ட்ரெப்டோமைசின் போட்டிருக்கிறார்கள்? இல்லை மிஸ்ஸி என்றேன். அவள் குறித்துக்கொண்டு போய்விட்டாள்.

சொல்லியிருந்தால் ஊசியை நிறுத்தியிருப்பார்கள். பக்கத்துக் கட்டில் இராமலிங்கத்துக்கு அப்படித்தான் நிறுத்தினார்கள். அவருக்குக் காய்ச்சல் திரும்பி வந்துவிட்டது, பாவம். தப்பித்தேன்.

எடை கூடியிருக்கிறது. வேறு குறை ஒன்றும் இல்லை. புதிதாக வந்திருக்கிற ஆட்கள்தான் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள், திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியிருக்கிறது.

மூன்றாவது தட்டுக்குச் சீட்டு. ‘ஆணி வைத்த பியானோ. கம்பிகளுக்கு நடுவே ஆணியும் ரப்பரும் செருகி வாசித்திருக்கிறார்கள். பியானோ என்று சொல்லாமல் போட்டால் மரச்சாமான் கடையில் சண்டை என்று நினைப்பீர்கள். மெதுவான இடங்களில் கவனியுங்கள், மின்சாரக் குளத்தில் கேட்ட அதே சீழ்க்கை இங்கேயும் பின்னால் ஓடுகிறது.’

இதுதான் என் புதிய கண்டுபிடிப்பு. தகரக் கொட்டகையை மறுபடியும் போட்டுப் பார்த்தேன். அதிலும் இருக்கிறது. இந்த வெளிநாட்டுக்காரர்கள் தங்களுக்குள் ஏதோ பேசி வைத்துக்கொண்டு செய்கிறார்கள். வாத்தியாரிடம் சொல், மனிதர் மகிழ்ந்து போவார்.

சேது

காஜா பெராங்
1 ஜூன் 1958
அவசரம்

சேது,

இதைப் படித்ததும் அந்த ஹெட்போனைக் கழற்றி வை. பிளேயரை நிறுத்து. மின்விசிறி, ஜெனரேட்டர் எதுவும் இல்லாத இடமாகப் பார்த்துப் போய் உட்கார். தோட்டத்துப் பக்கம் போ. காதைக் கையால் பொத்திக்கொண்டு கேள். சீழ்க்கை கேட்டால் உடனே டாக்டரிடம் போய்ச் சொல். மிஸ்ஸி வரும்வரை காத்திருக்காதே.

நடந்தது இதுதான். பிச்சை பிள்ளை நீலத் தட்டைக் கொண்டுவந்து கல்லாவில் வைத்தார். “மானா அடா சியூல், அக்கா?” என்றார். சீழ்க்கை எங்கே இருக்கிறது என்கிறார். வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்துக் கேட்டாராம், கோயில் மேளக்காரரையும் கூப்பிட்டுக் கேட்டாராம், யாருக்கும் விழவில்லையாம். எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் தம்பி கேட்டது உங்களுக்குக் கேட்காவிட்டால் அது தட்டின் குற்றமா என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டேன். அவர் தட்டைக் கல்லாவிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். பணத்தைத் திருப்பிக் கேட்கவும் இல்லை, அதுதான் என்னை உறுத்தியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீல உறைக்குள் வேறு தட்டை வைத்தேன். ஒரு வயலின் தட்டு, வெறும் வயலின். வாத்தியாருக்குப் போட்டேன். கண்ணை மூடினார். விரலை நீட்டினார். அதோ என்றார். தியாகுவும் தலையை ஆட்டினார். தட்டை எடுத்து அதன் நடுவில் இருந்த வயலின்காரர் பெயரை அவர்களுக்குக் காட்டினேன். தியாகு செருப்பைத் தேட ஆரம்பித்துவிட்டார். வாத்தியார், சேது எழுதினால் இருக்கும் என்று நினைத்தேன் சாரதா என்றார்.

அதன் பிறகுதான் உன் கடிதத்தை எடுத்து மறுபடியும் படித்தேன். எல்லாத் தட்டிலும் இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். தகரக் கொட்டகையை நீ முதலில் கேட்டபோது அதில் சீழ்க்கை இல்லையே, இருந்தால் எழுதியிருப்பாயே. நீ இன்றே டாக்டரிடம் போ.

சாரதா

ஆண்கள் வார்டு
9 ஜூன் 1958

அக்கா,

போய் உட்கார்ந்தேன். தோட்டத்துப் பின்பக்கம், ரப்பர் மரங்கள் ஆரம்பிக்கிற இடம். காதைப் பொத்தினேன். இருந்தது.

டாக்டரிடம் சொன்னேன். எப்போதிருந்து என்று கேட்டார். மார்ச்சிலிருந்து என்றேன். பூங்காவனம் மிஸ்ஸி பக்கத்தில் நின்றாள். “நான் எத்தன தரம் கேட்டேன்” என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால் பரவாயில்லை.

ஊசியை நிறுத்திவிட்டார்கள். மாத்திரை மட்டும் தொடர்கிறது. காது போன அளவு போனதுதான், திரும்பி வராது என்கிறார் டாக்டர். நிறுத்தின பிறகும் சில பேருக்குச் சில மாதம் இறங்கிக்கொண்டே போகுமாம். மார்ச்சிலேயே சொல்லியிருந்தால் என்று ஆரம்பித்தார், முடிக்கவில்லை.

ஒன்று கேட்கிறேன். வாத்தியாரை விடு, தியாகுவை விடு. அவர்கள் கடைக்கு வருகிறவர்கள். இரண்டாம் பக்கம் பாதிக்கு மேல் நன்றாகவே கேட்டது என்று நீ எழுதினாய். உனக்குக் கேட்டதா?

சேது

காஜா பெராங்
6 ஜூலை 1958

தம்பி சேதுவுக்கு,

மூன்று கடிதம் போட்டும் உன்னிடமிருந்து பதில் இல்லை. மணியார்டர் அனுப்பினேன், ரசீதில் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறாய், அந்தக் கையெழுத்தைப் பார்த்துத்தான் உயிரோடு இருக்கிறாய் என்று தெரிந்துகொள்கிறேன்.

சீன வைத்தியரிடம் எண்ணெய் வாங்கி அனுப்பியிருக்கிறேன். உஜோங் பாசிரில் ஒருவருக்கு அதில் காது திறந்ததாம். அத்தான் கோலாலம்பூரில் காது டாக்டரை விசாரிக்கிறேன் என்றார். எல்லாம் சரியாகும்.

நீ கேட்ட கேள்வியை நான் மறக்கவில்லை. ஆனால் நீ கேட்கிற விதம் சரியில்லை. ஊசி போடுகிற மிஸ்ஸி வாரா வாரம் வந்து நின்று கேட்கிறாள். அவளிடம் இல்லை என்று சொல்லிவிட்டு, எங்கேயோ மலாக்காவில் தட்டு விற்கிற அக்காவின் வார்த்தையை நம்பினேன் என்றால் அது என் குற்றமா? நான் டாக்டருக்குப் படித்தவளா? அந்த ஊசி காதைக் கெடுக்கும் என்று ஒரு வரி முன்னாலேயே எழுதியிருந்தால் நான் வேறு மாதிரி எழுதியிருக்க மாட்டேனா? ஒரு தட்டில் சீழ்க்கை இருக்கிறதா என்றுதானே கேட்டாய். ஒரு தட்டைப் பற்றித்தானே.

காது கேட்பவர்களுக்கு மட்டும் என்று சீட்டு எழுதியது நீ. அதைப் படித்துவிட்டு யார்தான் இல்லை என்று சொல்வார்கள்? நீ நோயில் கிடக்கிறாய், உன் மனசு நோகக் கூடாது என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தோம். அதையும் நீ யோசிக்க வேண்டும்.

பிச்சை பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் வீட்டில் காபி கொடுத்தார்கள். தட்டைப் பற்றி அவர் ஒன்றும் பேசவில்லை. உன் தம்பிக்கு எப்படி இருக்கிறது என்றுதான் கேட்டார். தேறி வருகிறான் என்றேன்.

பதில் போடு.

சாரதா

ஆண்கள் வார்டு
12 அக்டோபர் 1958

அக்கா,

இத்தனை நாள் எழுதாமல் இருந்ததற்குக் கோபம் மட்டும் காரணம் இல்லை. கோபமும் இருந்தது. இல்லை என்று சொன்னால் நானும் உன்னைப்போல ஆகிவிடுவேன்.

எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது. நவம்பர் முதல் வாரத்தில் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். மாத்திரையை வீட்டிலிருந்தே சாப்பிடலாமாம். இராமலிங்கம் ஆகஸ்டில் இறந்துவிட்டார். அவருக்குக் காது நன்றாக இருந்தது.

எனக்கு வலது காது முழுசாகப் போய்விட்டது. இடது காதில், ஒருவர் வாயை அருகில் வைத்துக் கத்தினால், கத்துகிறார் என்று தெரிகிறது, என்ன என்று தெரிவதில்லை. சீழ்க்கை மட்டும் இருக்கிறது. வேறு சத்தம் எதுவும் குறுக்கே வராததால் இப்போது ரொம்பத் தெளிவாக இருக்கிறது. எண்ணெயை வார்டில் ஒருவர் முழங்காலுக்குத் தேய்த்துக்கொண்டார். பிளேயரைப் பட்டாளத்துக்காரருக்குக் கொடுத்துவிட்டேன்.

நான் பேசினால் மற்றவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். கத்துகிறேனா, முனகுகிறேனா, தெரியவில்லை. கேட்டால், நன்றாகத்தான் பேசுகிறாய் என்று தலையை ஆட்டுகிறார்கள். எல்லோரும் நல்லவர்கள். பூங்காவனம் மிஸ்ஸியும் இப்போது தலையை ஆட்டுகிறாள். இந்தத் தலையாட்டலைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. வாத்தியாரின் விரல் ஞாபகம் வருகிறது. இனி என் வாழ்நாள் முழுவதும் எல்லோரும் என்னிடம் இப்படித்தான் இருப்பார்கள். எது உண்மை என்று சரிபார்க்க என்னிடம் ஒன்றும் இல்லை.

அதனால் உன்னிடம் மட்டும் கேட்கிறேன். பழைய கணக்கைத் தீர்ப்பதற்காகக் கேட்கவில்லை. என் மனசு நோகாமல் இருக்க வேண்டும் என்று இனி ஒரு வார்த்தை எழுதாதே, சொல்லாதே. உனக்கு எது கேட்கிறதோ அதைச் சொல். கேட்காவிட்டால் கேட்கவில்லை என்று சொல். நான் எப்படிப் பேசுகிறேன் என்று முதலில் நீ சொல். அதற்கு உன்னால் முடியும் என்றால் வீட்டுக்கு வருகிறேன். முடியாது என்றால் இங்கேயே தோட்ட வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், இருந்துவிடுகிறேன்.

முடியுமா என்று பார்க்க மூன்று கேள்வி. உனக்குச் சீழ்க்கை கேட்டதா? என் மேசை இருக்கிறதா? அத்தான் என்னைப் பற்றி என்ன சொல்கிறார்?

சேது

காஜா பெராங்
26 அக்டோபர் 1958

சேது,

இந்தக் கடிதத்தை இரண்டு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இரண்டிலும் பொய் இருந்தது. சின்னப் பொய்தான், ஆனால் இருந்தது.

எனக்குக் கேட்கவில்லை. ஒரு நாளும் கேட்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு ஸ்பீக்கரில் காதை வைத்துக்கூடக் கேட்டேன், ஒன்றும் இல்லை. வாத்தியாருக்கே விழுகிறது, எனக்கு விழவில்லை என்றால் அப்பாவின் காது எனக்கு வரவில்லை என்று நீ நினைப்பாய் என்று இருந்தது. நீ நோயாளி, உன் மனசு நோகக் கூடாது என்று ஜூலையில் எழுதினேனே, அது பிறகு சேர்த்துக்கொண்டது. ஏப்ரலில் அந்த வரியை எழுதும்போது உன் உடம்பு என் நினைப்பிலேயே இல்லை. எனக்கும் காது இருக்கிறது என்று காட்டிக்கொள்ளத்தான் எழுதினேன்.

மேசை இல்லை. மூவாரிலிருந்து கருணாகரன் என்று ஒரு ஆளைக் கூட்டி வந்திருக்கிறார் அத்தான். ஜூலை முதல் அவன்தான் உட்காருகிறான். துணியை எடுத்தது நான். உன் சாமான்களைப் பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன். எல்லாம் சரியாகும் என்று உனக்கு எழுதிய அதே வாரம் அவன் வேலைக்கு வந்துவிட்டான். நல்ல வேலைக்காரன். உன் அளவுக்கு இல்லை, ஆனால் நல்ல வேலைக்காரன்.

அத்தானிடம் சண்டை போட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. போடவில்லை. அவர் என்னிடம், “காது கேக்காதவன் ரேடியோவ எப்படிப் பாப்பான்? நீயே சொல்லு சாரதா” என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. உண்மையாகவே என்னிடம் கேட்டார். வீட்டில் இருந்து சாப்பிடட்டும், ஒரு வாய்ச் சோறு நமக்குப் பாரமா என்கிறார். அந்தச் சொல் உனக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவர் சொன்னது அதுதான்.

கிறுக்குத் தட்டுகளை ஞாயிற்றுக்கிழமை போடுவதை நிறுத்திவிட்டோம். வாத்தியார் கடைப் பக்கம் வருவதில்லை. எதிர்ச் சாரியில் நடந்து போகிறார்.

உனக்கு வேலை ஏதாவது கிடைக்குமா என்று நீ கேட்கவில்லை. கேட்டால் தெரியாது என்றுதான் சொல்வேன். மலாக்காவில் எனக்குத் தெரிந்து இப்போது ஒன்றும் இல்லை.

நவம்பரில் எந்த நாள் என்று தெரிந்ததும் எழுது. தம்பின் ஊர் ரயில் ஸ்டேஷனுக்கு நான் வருகிறேன், அங்கிருந்து பஸ்ஸில் வருவோம். அத்தானை அழைத்து வர மாட்டேன். பென்சிலும் காகிதமும் கொண்டு வருவேன். பஸ்ஸில் ஆட்கள் இருப்பார்கள், ஊர்க்காரர்களும் இருப்பார்கள். நீ பேசு. நீ கத்தினால், கத்துகிறாய் என்று எழுதிக் காட்டுவேன். வார்த்தை குழறினால், எந்த வார்த்தை என்று எழுதுவேன். யாராவது சிரித்தால் அதையும் எழுதுவேன்.

சாரதா